வாங்கில் மூன்று பேர்

வாங்கில் மூன்று பேர் இருக்கிறார்கள். மாற்று ஆட்டக்காரர்களுக்கான இந்த நீள ஆசனத்தில் நான்கு பேர் இருக்க வேண்டும். இன்னொருமுறை எண்ணுகிறேன், இடமிருந்து வலமாக, பிறகு வலமிருந்து இடமாக, திசையை மாற்றினால் ஓர் ஆள் கூடுதலாக முளைத்துவிடும் என்பதுபோல. முழங்காலில் ஐஸ் பை வைத்துக் கட்டிய அலானா. தோடம்பழத் துண்டைச் சப்பிக்கொண்டிருக்கிற கிம். நீளக் கோட்டுக்குள் தலையையும் சேர்த்து இழுத்துக்கொண்ட ஜெஸ். நான்காவது இடத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் என் மகள் தர்சிகா கழற்றிப் போட்ட கோட்டும். என் மடியில் இருக்கிற வெள்ளைப் பலகையில் காந்தத் துண்டுகள் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, மேலே மைதானம் என்று வரைந்த நீள்வட்டத்துக்குள் பதினாறு, கீழே வாங்கு என்று எழுதிய பெட்டிக்குள் நான்கு. பலகையில் ஏழாம் இலக்கம் வாங்கில் இருக்கிறது. ஏழாம் இலக்கம் ப்ரூக். ப்ரூக் இங்கே இல்லை. நிமிர்ந்து பார்க்கிறேன். மைதானத்தின் அந்தக் கரையில், வேலியோரம் நிறுத்தியிருக்கிற கார்களுக்கு முன்னால், ப்ரூக் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். அப்படியென்றால் உள்ளே பதினேழு பேர். அவுஸ்திரேலியக் கால்பந்தில் பதினாறு பேர் விளையாட வேண்டிய இடத்தில் எங்கள் வாட்டில் க்ரீக் கழகத்துப் பெண்கள் பதினேழு பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். கடைசிக் கால்பகுதி, பதினொரு நிமிடம் மீதி, நாங்கள் நான்கு புள்ளி முன்னால். இது விளங்கிய பிறகும் எனக்கு நெஞ்சு அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்று தெரிகிறது. பெப்ரவரியிலிருந்து இப்படித்தான், என்ன வரவேண்டும் என்று தெரிந்து வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன், ஒன்றும் வராது. விரல்கள் மட்டும் விறைத்திருக்கின்றன. ஓகஸ்ட் மாதம், மெல்பேணின் இந்த மூலையில் காற்றுக்குக் கருணை கிடையாது. ஏழாம் காந்தத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். அது குளிர்கிறதா என் விரல் குளிர்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

எப்படி நடந்தது என்பது எனக்குத் தெரியும். மூன்று நிமிடத்துக்கு முன் ப்ரூக் தொடையைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமாக நொண்டி வந்தாள். தர்சிகா கோட்டைக் கழற்றிவிட்டு வாசலில் போய் நின்றாள். வாசல் என்றால் கதவு ஒன்றும் இல்லை, எல்லைக்கோட்டில் பதினைந்து மீற்றர் இடைவெளியில் இரண்டு ஒரேஞ்சுக் கூம்புகள், ஆள் மாறுவதெல்லாம் அதற்கு நடுவில்தான். வருகிறவள் கோட்டைத் தாண்டிக் காலை வெளியே வைத்த பிறகுதான் போகிறவள் போகலாம். தாண்டுவதைக் கண்ணால் கண்டு நான் இலக்கத்தைச் சொல்ல வேண்டும், லீக் அனுப்பிய மேற்பார்வையாளர் மொரீன் என் பக்கத்தில் இருந்து எழுத வேண்டும். மற்றக் கழகங்களில் என் வேலையைச் செய்கிறவர்கள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார்கள். நான் தட்டுவதில்லை. அடுத்தவர் பிள்ளைகள், கை வைக்கக் கூச்சம். தர்சிகாவுக்கும் அதே ஒழுங்குதான், 'முப்பத்தொன்று, போ' என்று சொல்வேன், போவாள், 'முப்பத்தொன்று, வா' என்பேன், வந்து வாங்கின் மற்ற நுனியில் இருப்பாள். ஏப்ரலிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பேசிய பேச்சில் பாதி இதுவாகத்தான் இருக்கும். இன்றைக்கு அவள் முதுகில் முப்பத்தொன்றின் ஒன்று கீழ்முனையில் பசை விட்டு உரிந்து காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மாதிரி எதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எழும்பிப் போய் உள்ளங்கையால் அதை அமத்தினேன். அவ்வளவுதான் செய்தேன். சட்டைக்குள் சூடு இருந்தது. மாதக்கணக்காக நான் தொட்ட எதிலும் சூடு இருந்ததாக ஞாபகம் இல்லை. கையை உடனே எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. பிறகு பார்த்தால் கைக்கு முன்னால் ஒன்றும் இல்லை, அவள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தாள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டே பழக்கதோஷத்தில் சொன்னேன், 'ஏழு வெளியே, முப்பத்தொன்று உள்ளே.' மொரீன் சூப் போத்தலின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே எழுதினாள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை. ப்ரூக் கோட்டுக்கு இரண்டு அடி இருக்கும்போது பந்து தன் பக்கம் உருளுவதைக் கண்டிருப்பாள். திரும்பி ஓடியிருப்பாள். ப்ரூக்குக்குப் பந்தைக் கண்டால் தொடை வலி ஞாபகம் வராது.

மொரீனிடம் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கிறேன். "சூப்பில உப்புக் கூடிப்போச்சு குகா," என்கிறாள் அவள். அவள் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்தும் எனக்குக் காதில் விழுகிற எதுவும் உள்ளே போகும்போது யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பேச்சாகிவிடுகிறது. குகதாசன் என்ற பெயரைக் குகா என்று சுருக்கியது மட்டும் அவர்கள் செய்தது. "ஓம், இந்தக் குளிருக்கு உப்பு நல்லதுதான்," என்கிறேன் நான். அதைச் சொல்லவா வாயைத் திறந்தேன்? சொன்னால் என்ன ஆகும் என்பதை ஒரு பஸ் ஓடும் பாதையைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு தரிப்பாகப் பார்க்க முடிகிறது. மொரீன் நடுவரைக் கூப்பிடுவாள். நடுவர் விளையாட்டை நிறுத்துவார். எதிரணித் தலைவி ஆள் எண்ணச் சொல்லிக் கையை உயர்த்துவாள். இரண்டு அணியும் நடுவில் வரிசையாக நிற்கும், எண்ணுவார்கள், ஓர் ஆள் கூட என்று கண்டால் அந்த நிமிடம் வரைக்கும் நாங்கள் எடுத்த புள்ளி முழுவதும் அழியும். எங்கள் லீக்கில் இன்னும் அந்தப் பழைய விதி இருக்கிறது. நாற்பத்தொரு புள்ளி பூச்சியமாகும். தோற்றால் வீட்டுக்கு அனுப்புகிற அரையிறுதி. இந்தப் பிள்ளைகள் மார்ச்சிலிருந்து சேற்றில் உருண்டதெல்லாம் நான் ஒரு இலக்கத்தை அமத்தப் போனதில் போகும். சொல்லாவிட்டால்? பதினொரு நிமிடம் ஒருவரும் கவனிக்காமல் போகலாம். ஆட்கள் ஒரு இடத்தில் நிற்பதில்லை, நூற்றைம்பது மீற்றர் மைதானம், யார் எண்ணப் போகிறார்கள். அல்லது ப்ரூக்கை எப்படியாவது வெளியே எடுக்கலாம். கூப்பிட்டால் கேட்காது, கையை ஆட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள். செய்தி கொண்டு ஓடுகிற டெஸ் மற்றக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறாள். ரேடியோ கரகரக்கிறது. பயிற்சியாளர் கிளெண்டா, எதிரே தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசையில் ஏறி நின்று மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள். "குகா, முப்பத்தொண்டு நல்லா ஓடுறாள். இனிக் கடைசி மட்டும் அவளை எடுக்காதையும்." ஓம் என்கிறேன். கிளெண்டாவிடமும் ஓம் என்று சொல்லியாகிவிட்டது.

பத்து நிமிடம். பந்து எங்கள் கோல் பக்கம் இருக்கிறது, சனம் கத்துகிறது, யாரோ உதைத்தது கம்பத்துக்கு வெளியால் போகிறது, கோலென்றால் ஆறு, இதற்கு ஒரே ஒரு புள்ளி. ஐந்து புள்ளி முன்னால். அந்த ஒரு புள்ளி பதினேழு பேர் எடுத்த புள்ளி. காந்தங்களை நேராக்குகிறேன். இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டதே நான் எண்ணுகிறவன் என்பதற்காகத்தான். மார்ச்சில் பயிற்சியின் முதல்நாள் கிளெண்டா பிள்ளைகளிடம், "ஒழுங்கா எண்ணத் தெரிஞ்ச அப்பா யாருக்காவது இருக்கா?" என்று கேட்டாளாம். "என்ர அப்பா பஸ் டிப்போவில ரோஸ்டர் போடுறவர்," என்று தர்சிகா சொன்னாளாம். என்னிடம் அவள் சொல்லவில்லை, கிளெண்டா தொலைபேசியில் சொல்லித்தான் தெரியும். நூற்றுப்பன்னிரண்டு சாரதிகளுக்கு யார் எப்போது வேலை என்று ரோஸ்டர் போடுகிறவனுக்கு இருபது பெண்களை மாற்றி மாற்றி அனுப்புவது பெரிய காரியமில்லை. நடுவில் ஓடுகிறவர்களுக்கு ஆறு நிமிடம், பிறகு இரண்டு நிமிடம் வாங்கு. பின்னால் நிற்கிறவர்களை ஒரே நேரத்தில் இரண்டு பேராக எடுக்கக் கூடாது. கோல் அடித்தவளை அந்த உடனேயே வெளியே எடுக்க வேண்டும், ஏனென்றால் சந்தோஷத்தில் இருக்கிறவள் அடுத்த நிமிடம் தன் இடத்தை மறந்துபோவாள். ஒரு ஆட்டத்துக்கு நாற்பது மாற்றம்தான், இன்றைக்கு முப்பத்தொன்பது முடிந்தது. மூன்றாம் கால்பகுதியில் தர்சிகா இந்தப் பருவத்தின் முதல் கோலை அடித்தாள். பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடித்துத் தலையைக் குழப்பிக்கொண்டு நின்றார்கள், அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து நான் அவளைக் கூப்பிட்டேன், முப்பத்தொன்று, வா. வந்தாள். சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது. மற்ற நுனியில் போய் இருந்தாள். நல்ல கோல் என்று சொல்ல நினைத்தேன். மொரீனிடம் இலக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கிளெண்டா எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், களைப்பா என்று எவளையும் கேட்காதே. கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள். அவளைக் கேட்காதே, அவள் கையைப் பார், கை முழங்காலுக்குப் போனால் எடுத்துவிடு. அவள் சொல்லுமுன்பே அது எனக்குத் தெரிந்திருந்தது. நான் அதை ஆஸ்பத்திரியிலேயே செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நான் போட்ட ரோஸ்டர் இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. நானும் கழற்றவில்லை, தர்சிகாவும் கழற்றவில்லை, பால் எடுக்கும்போது இரண்டு பேரும் கதவின் கைபிடியை மட்டும் பார்ப்போம். என் மனைவி லோசினி பெப்ரவரியில் ஆஸ்பத்திரியில் இருந்த பத்தொன்பது நாளும் அதில் கட்டம் கட்டமாக இருக்கிறது, எட்டிலிருந்து இரண்டு தர்சிகா, இரண்டிலிருந்து எட்டு நான். அவளுக்கு அதைக் காட்டியபோது, "எனக்கும் டிப்போ நேரமே போட்டிருக்கிறீங்கள்?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது மூக்குக் குழாய் ஆடியது. பத்தொன்பதாம் நாள் நான் பத்து நிமிடம் முந்திப் போனேன். நான் எங்கேயும் பத்து நிமிடம் முந்திப் போகிறவன், அதில் ஒரு பெருமையும் உண்டு. தர்சிகா தாயின் காலடியில் இருந்து பாதத்தை உருவிவிட்டுக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. இரவு முழுக்கப் பல்கலைக்கழகக் கட்டுரை எழுதிவிட்டு வந்திருந்தாள். "போய்ப் படு பிள்ளை," என்றேன். "இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டே அப்பா?" என்றாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், ஒன்று ஐம்பது. அந்தப் பத்து நிமிடம் அவளுடையது. நான் போட்ட கட்டத்தின்படியே அவளுடையது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை, பஸ்ஸில் பின்னால் ஆள் ஏறும்போது முன்னால் இறங்கவேண்டும் என்பதுபோல ஏதோ ஒன்றுதான் தலையில் இருந்தது. "நான் வந்திட்டன்தானே, நீ எழும்பு," என்று சொல்லி முதுகில் கை வைத்தேன். தள்ளவில்லை. கையை வைத்தேன். எழும்பினாள். போர்வையைத் தாயின் பாதத்துக்கு மேல் இழுத்துவிட்டுப் போனாள். இரண்டு இருபதுக்கு லோசினி ஒரு மூச்சை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் தர்சிகாவிடம் சொன்னேன். "ஓம்," என்றாள். பின்னால் பஸ் ஓடுகிற சத்தம் கேட்டது. எந்த இலக்க பஸ், எந்தச் சாரதி, எந்தத் தரிப்பைத் தாண்டிக்கொண்டிருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும், அன்றைக்கு அந்தப் பாதைக்கு ரோஸ்டர் போட்டதும் நான்தான். ஏன் என்னை எழுப்பினீங்கள் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் நல்லது என்று சில நேரம் நினைக்கிறேன். ஒரு வார்த்தை ஏசினால் போதும். நானும் சொல்லவில்லை. மரக்கறி வாங்க வேணுமா, கார் எத்தனை மணிக்கு வேணும், முப்பத்தொன்று போ, முப்பத்தொன்று வா.

ஏழு நிமிடம். கூம்புகளுக்கு அந்தப் பக்கம் எதிரணியான மார்லோ பார்க்கின் வாங்கு. என் வேலையை அவர்களுக்குச் செய்கிற மனிதன் பச்சைத் தொப்பி போட்டிருக்கிறான். அவன் எழும்பி நிற்கிறான். வலது கையின் சுட்டுவிரலை இடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல ஆட்டுகிறான். எனக்கு அந்த விரலைத் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும்போது சாரதிமார் அப்படித்தான் எண்ணுவார்கள். ஒருமுறை எண்ணிவிட்டான். தலையைச் சொறிகிறான். திரும்ப முதலிலிருந்து. சொல், குகதாசன். மொரீன் இரண்டு அடி தூரத்தில் இருக்கிறாள். போன வருடம் என்றால் இதற்குள் எனக்கு வியர்த்திருக்கும், லோசினி பார்த்தால், "என்னப்பா, முகம் ஏன் வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டிருப்பாள். இப்போது முகத்துக்கு என்ன நிறம் என்று தெரியாது. பயம் எங்கேயோ இருக்கிறது, பக்கத்து வீட்டில் யாரோ கதிரையை இழுப்பதுபோலக் கேட்கிறது, எழும்பிப் போய்ப் பார்க்க மனம் வரவில்லை. எண்ணினால் யாரைக் கூடுதல் ஆள் என்று சொல்வார்கள்? ப்ரூக்கை இல்லை. ப்ரூக் உள்ளேயே இருந்தவள். விதிப்படி வாசலில் பிழையாக நுழைந்தவள் முப்பத்தொன்று. நாளைக்கு லீக் அறிக்கையில் அந்த இலக்கத்தைத்தான் போடுவார்கள். இருபது வயதில் முதல் அரையிறுதி, அடித்த ஒரே கோல் அழிந்து, அழித்தவள் என்று அவள் பெயரையே எழுதிவைப்பார்கள். அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும். நான் அவள் நிற்கும் இடத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டேன். மைதானத்தில் அவள் எந்தப் பக்கம் நின்றாலும் என் கண் ஓர் அடி தள்ளித்தான் போய் இருக்கும். பச்சைத் தொப்பிக்காரன் குனிந்து ரேடியோவில் ஏதோ சொல்கிறான். அவர்களுடைய செய்திக்காரி தலைவியை நோக்கி ஓடுகிறாள். பந்து அந்த முனையில் ஒரு குவியலுக்கு அடியில் கிடக்கிறது. நடுவர் விசில் ஊதுகிறார். மார்லோ பார்க் தலைவி, சிவப்புத் தலைமயிர்க்காரி, கையைத் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு அவரிடம் போகிறாள்.

எழும்பிவிட்டேன். பலகை மடியிலிருந்து சரிந்து காந்தங்கள் புல்லில் கொட்டின. "மொரீன்," என்கிறேன். குரல் சாதாரணமாக வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். "ஏழு வெளியால வரேல்லை. நான் பாக்கேல்லை. பாக்காமல் சொன்னனான். முப்பத்தொண்டிலை பிழையில்லை, அவளை உள்ளுக்கு விட்டது நான். அதை எழுதுங்கோ." மொரீன் சூப் மூடியைக் கீழே வைத்தாள். அவளுடைய கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது, அதற்கு மேலால் என்னைப் பார்த்தாள். "எப்ப தெரியும்?" என்றாள். "நாலு நிமிஷமா," என்றேன். "நாலு நிமிஷமா," என்று அவளும் சொன்னாள், கோபமாக இல்லை, எழுதுவதற்கு முன் சரிபார்ப்பதுபோல. எழுதினாள். "எண்ணச் சொல்லிக் கேட்டிட்டினம் குகா. இனி எண்ணிக்கைதான் சொல்லும்." மைதானத்தின் நடுவில் இரண்டு வரிசை. அலானாவும் கிம்மும் ஜெஸ்ஸும் எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றார்கள், அவர்களுக்கு நான் சொன்னது கேட்டிருக்கும், ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. கிம்மின் கையில் தோடம்பழத் தோல். நடுவர் எங்கள் வரிசையின் முதல் ஆளின் தோளைத் தொட்டு, அடுத்த ஆளின் தோளைத் தொட்டு, சத்தமாக எண்ணிக்கொண்டு போகிறார், காற்றில் பாதி எண்தான் வந்து சேருகிறது. நானும் எண்ணுகிறேன். பன்னிரண்டாவது ப்ரூக். பதின்மூன்று. இப்போது எனக்குள் என்னவோ நகர்கிறது, மரத்துப்போன காலை ஊன்றும்போது முதலில் ஒரு குத்து வருமே, அதுபோல. பதினான்கு. பதினைந்து. பதினாறு. பதினாறாவது ஆள் நெட்டைக் காரா, அவளுக்குப் பக்கத்தில் புல்தான் இருக்கிறது. நடுவர் திரும்பி மறுபடி எண்ணுகிறார். பதினாறு. இரண்டு கையையும் விரித்துக் காட்டி மார்லோ பார்க் தலைவியிடம் ஏதோ சொல்கிறார், அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் இடத்துக்கு ஓடுகிறாள். எல்லை நடுவர், மெலிந்த ஒரு பெண், எங்கள் வாங்கு வரைக்கும் ஓடி வந்து மொரீனிடம் சொல்கிறாள், "முப்பத்தொண்டு அந்தப் பக்க வேலியால வெளியில போனவ. எண்ணச் சொல்ல முந்தியே போயிட்டா. வாசலால வராதபடியால் இனி அவவுக்கு ஆட்டம் முடிஞ்சுது." மொரீன் அதையும் எழுதினாள்.

அப்போதுதான் நான் அவளைத் தேடிப் பார்த்தேன். கார்களுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே, மைதானத்தைச் சுற்றி நடந்து வருகிறாள். வாயிலிருந்து எடுத்த பற்கவசம் கையில் இருக்கிறது. இடது கால் முழுக்கச் சேறு. அவசரம் இல்லை, பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நேரம் இருக்கிறது என்று தெரிந்தவள் நடக்கிற மாதிரி வருகிறாள். சொசேஜ் சுடுகிற கூடாரத்தைத் தாண்டினாள். யாரோ ஒரு கிழவர் ஏதோ கேட்டார், தலையை ஆட்டிவிட்டு வந்தாள். நான் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே பந்து பறந்தது. அவள் விட்டுவிட்டு வந்த அந்த மூலையில் எங்கள் ஆள் ஒருத்தியும் இல்லை, அந்த வெளியைக் கண்டு மார்லோ பார்க் பந்தை அதற்குள் அடித்தது, பிறகு கோல், பிறகு கார்களின் ஹோர்ன் சத்தம், ஆறு புள்ளி, நாங்கள் ஒரு புள்ளி பின்னால். ரேடியோவில் கிளெண்டா, "குகா, முப்பத்தொண்டு எங்க? குகா, கடைசி மாற்றத்தைப் பாவியும், ஜெஸ்ஸை அனுப்பும்," என்று கத்தினாள். நான் ஜெஸ்ஸை அனுப்பினேன். ப்ரூக் வெளியே வந்து கோட்டைத் தாண்டிக் காலை வைக்கும்வரை பார்த்து நின்று, இலக்கத்தைச் சொன்னேன். நாற்பது. இனி மாற்ற ஒன்றும் இல்லை. தர்சிகா கூம்புகளைச் சுற்றி வந்தாள். வாங்கின் மற்ற நுனிக்குப் போகவில்லை, என் முன்னால் நின்று புல்லில் கொட்டிக் கிடந்த காந்தங்களைப் பார்த்தாள். குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். நானும் குனிந்தேன்.

"பச்சைத் தொப்பி எண்ணினதைக் கண்டனீயே?" என்றேன். "அதுக்கு முந்தியே தெரியும் அப்பா. ப்ரூக் கோட்டைத் தாண்டேல்லை. நான் உள்ளுக்குப் போகேக்குள்ளயே கண்டனான்." ஒரு காந்தத்தின் சேற்றைத் தன் காற்சட்டையில் துடைத்தாள். "கண்டுகொண்டும் ஏன் போனனீ?" என்று கேட்டேன். கேட்டபிறகு கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், லோசினியின் பார்வை அல்ல, என்னுடையதும் அல்ல, அவளுடையது, ஆறு மாதமாக நான் ஓர் அடி தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது. "நீங்கள் முதுகில கை வச்சனீங்கள்," என்றாள். இலக்கம் உரிஞ்சு கிடந்தது, அதைத்தான் அமத்தினனான் என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை. சைரன் அடித்தது. நீளமாக, விடாமல் அடித்தது. ஒரு புள்ளியால் தோற்றோம். ப்ரூக் முகத்தைப் பொத்திக்கொண்டு எல்லைக்கோட்டிலேயே உட்கார்ந்தாள், அலானாவும் கிம்மும் உள்ளே ஓடினார்கள், மொரீன் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்து, என் தோளில் ஒருதரம் தட்டிவிட்டு நடுவர்களின் அறைப் பக்கம் போனாள். வாங்கில் ஒருவரும் இல்லை. "பிள்ளை," என்றேன்.  "அண்டைக்கு அந்தப் பத்து நிமிஷம் உன்ரது. நான் உன்னை எழுப்பியிருக்கக் கூடாது. பிழை என்ரது." அவள் கையிலிருந்த காந்தங்களை ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்தாள், ஒழுங்கில்லாமல், கிடைத்த இடத்தில். மைதானத்தின் நடுவில் கிளெண்டா பிள்ளைகளை வட்டமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், முப்பத்தொன்றையும் கை காட்டிக் கூப்பிட்டாள். தர்சிகா அதைப் பார்த்தாள். பிறகு தன் கோட்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு வாங்கில் என் இடத்துக்குப் பக்கத்து இடத்தைக் காட்டினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இதில இருக்கட்டே அப்பா?"

நான் வாங்கில் உட்கார்ந்தேன், மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கைகள் இரண்டையும் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"இரு," என்றேன்.